பிறவியிலேயே கை வேறுபட்ட பிள்ளையின் பெருவிரல் அசைவை மதிப்பிடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

சோற்றைக் குழைத்து, நான்கு விரல்களின் நுனியில் ஒதுக்கி, வாயருகே கொண்டுபோனதும் பின்னாலிருந்து அதை உள்ளே தள்ளிவிடுவது பெருவிரல். நான் பயன்படுத்திப் பழகிய கை மதிப்பீட்டுப் படிவங்கள் எதிலும் இந்த அசைவுக்கு ஓர் இடம் இருந்ததில்லை. ஆனால் வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் அம்மாமார் முதலில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்: "சோறு அள்ளுறா, வாய்க்குள்ள தள்ளத்தான் ஏலாம இருக்கு."

கொழும்பில் தொழில்வழிச் சிகிச்சையாளராக வேலை செய்யும் நான், புதிதாக இந்தத் துறைக்கு வருபவர்களுக்காகவும் இயன்மருத்துவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். தங்கள் பிள்ளையின் கையைப் பிடித்து இவர்கள் என்னதான் பார்க்கிறார்கள் என்று அறிய விரும்பும் பெற்றோரும் படிக்கலாம்.

வேலை பழகிய காலத்தில் நான் விட்ட ஒரு பிழையிலிருந்து தொடங்குகிறேன். இரண்டு வயதுப் பிள்ளை, சின்னதாகப் பிறந்த வலது பெருவிரல். நான் அதைப் பிடித்து எல்லாப் பக்கமும் அசைத்துப் பார்த்தேன். தடையே இல்லை. "அசைவு நன்று" என்று எழுதிக் கொடுத்தேன். தடையில்லாமல் அசைந்ததற்குக் காரணம் அடிமூட்டு உறுதியில்லாமல் தளர்ந்து கிடந்ததுதான். அந்தப் பிள்ளை ஒருதடவைகூடத் தானாகப் பெருவிரலைப் பாவிக்கவில்லை. கடலையைச் சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் கத்தரிக்கோல்போல் இடுக்கி எடுத்தது. அதை நான் பார்த்தேன், எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டியது அதை மட்டும்தான். நாம் பெருவிரலை அசைத்துப் பார்ப்பது வேறு, பிள்ளை அதை வேலைக்குக் கூப்பிடுவது வேறு. கீழே வரும் படிகளின் வரிசை இதை வைத்தே அமைந்தது: முதலில் கண், பிறகு கை, கடைசியில்தான் அளவுகோல்.

முதலில் பெயர்களைத் தெளிவாக்கிக்கொள்வோம்

பெருவிரலுக்கு மூன்று மூட்டுகள். மணிக்கட்டை ஒட்டியது அடிமூட்டு; குறிப்புகளில் சிஎம்சி என்று எழுதுவோம். நடுவில் இருப்பது எம்சிபி. நகத்துக்குக் கீழே இருப்பது ஐபி. "பெருவிரல் மடங்குகிறது" என்று எழுதினால் அடுத்து வாசிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. எந்த மூட்டு மடங்குகிறது என்று எழுத வேண்டும்.

அடிமூட்டில் நடக்கும் அசைவுகளைப் பிரித்துப் பாருங்கள். உள்ளங்கையை மேசையில் விரித்து வைத்துப் பெருவிரலைப் பக்கவாட்டில் விலக்குவது ஒன்று. கையின் சின்னவிரல் பக்கத்தை மேசையில் நிறுத்தி, பெருவிரலை உள்ளங்கைக்கு முன்னே எழுப்புவது இன்னொன்று. பக்க விரிப்பு, முன் விரிப்பு என்று சொல்வோம். பெருவிரல் முன்னே எழுந்து, சுழன்று, மற்ற விரல்களுக்கு முகம் கொடுப்பதுதான் ஒப்பொசிஷன். அது ஒரு தனி அசைவல்ல, பல அசைவுகளின் கூட்டு. முன் விரிப்பு இல்லாமல் அது வராது.

படி 1: வயதை வைத்து எதிர்பார்ப்பைச் சரிசெய்யுங்கள்

பிறந்து மூன்று நான்கு மாதம் வரை குழந்தை பெருவிரலை உள்ளே வைத்துப் பொத்திக்கொண்டிருப்பது இயல்பு. அதைப் பார்த்து அம்மாவைப் பயமுறுத்த வேண்டாம். ஆறு ஏழு மாதத்தில் பொருளைப் பெருவிரல் பக்கமாகப் பிடிக்கத் தொடங்கும். ஒன்பது மாதமளவில் சிறு பொருளைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலின் பக்கத்துக்கும் இடையில் எடுக்கும். பத்து முதல் பன்னிரண்டு மாதத்தில் நுனியோடு நுனி சேர்த்துப் பொறுக்கும். நிலத்தில் கிடக்கும் தலைமயிரைக்கூட எடுத்து வாயில் வைக்கிறது என்று அம்மம்மாமார் சொல்லும் அதே பருவம்.

நான்கு மாதத்துக்குப் பிறகும் பெருவிரல் உள்ளேயே கிடந்தால் எந்த மூட்டு மடங்கியிருக்கிறது என்று பாருங்கள். எம்சிபி மடங்கி, பிள்ளையால் அதை நிமிர்த்த முடியாவிட்டால், நிமிர்த்தும் தசைநார் (தசையை எலும்போடு பிணைக்கும் டெண்டன்) பலவீனமான பிறவிப் பெருவிரல் மடக்கத்தை நினைக்க வேண்டும். ஐபி மட்டும் மடங்கிப் பூட்டிக்கொண்டு, எம்சிபியின் உள்ளங்கைப் பக்கம் ஒரு சிறு கட்டி தட்டுப்பட்டால், அது ட்ரிகர் தம்ப். இதைப் பெரும்பாலும் பிறந்த உடனே காண்பதில்லை, பிறகு தோன்றுவது. இரண்டையும் குழப்பினால் சிகிச்சை வழியே மாறிவிடும்.

படி 2: அம்மாவிடம் கதையுங்கள், ஆனால் விசாரணையாக வேண்டாம்

நம் குடும்பங்களில் இந்தப் பிள்ளைகளின் அம்மாமார் ஏற்கனவே போதுமான அளவு விசாரிக்கப்பட்டுவிட்டார்கள். கிரகணத்தன்று வெளியே போனாயா, கத்தியைத் தொட்டாயா, மாங்காய் வெட்டினாயா என்று மாமியார் முதல் பக்கத்து வீடு வரை கேட்டிருப்பார்கள். நான் முதலிலேயே சொல்லிவிடுவேன்: கை உருவாகும் வேலை கருவின் நாலாவது கிழமையளவில் தொடங்கி, எட்டாவது கிழமையளவில் விரல்கள் பிரிந்து முடிகிறது. பலருக்குக் கர்ப்பம் என்று உறுதியாகும் நேரமே அதுதான். நீங்கள் செய்த எதனாலும் இது வரவில்லை, அம்மா. இதைச் சொன்ன பிறகு கிடைக்கும் தகவல் வேறு தரத்தில் இருக்கும்.

கேட்க வேண்டியவை: எந்தக் கையால் சாப்பிடுகிறது, பால் போத்தலை எப்படிப் பிடிக்கிறது, பொத்தான் போடுகிறதா, எந்தச் சாமானைக் கண்டு கோபப்பட்டு எறிகிறது. வலது பெருவிரல் குறைந்த பிள்ளை இடது கையால் சாப்பிட்டால், வீட்டில் கையைத் தட்டிவிடுகிறார்களா என்றும் மெதுவாகக் கேளுங்கள். தட்டிவிடப்பட்ட பிள்ளை உங்கள் முன்னால் எந்தக் கையையும் நீட்டாது. அதை "ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதிவிடாதீர்கள்.

படி 3: தொடாமல் பாருங்கள்

இதுதான் மதிப்பீட்டின் இதயம். குறைந்தது பத்து நிமிடம். காலி வீதி நெரிசலில் ஒரு மணித்தியாலம் பஸ்ஸில் வந்து, வரிசையில் இன்னொரு மணித்தியாலம் இருந்த பிள்ளை பசியோடும் பயத்தோடும் இருக்கும். வெள்ளை உடுப்பைக் கண்டால் ஊசி என்று நினைக்கும். தாயின் மடியிலேயே இருக்கட்டும். மேசையை அதன் நெஞ்சளவு உயரத்துக்குக் கொண்டுவாருங்கள்.

என் பெட்டியில் விலையுயர்ந்த விளையாட்டுச் சாமான் ஏதுமில்லை. கழுவிக் காயவைத்த யோகட் கோப்பை, நூல்கட்டை, தடித்த கிரயோன், பத்து ரூபாய்க் குற்றி, மூடி திருகும் பிளாஸ்டிக் போத்தல், சாவி, உடுப்புக் கொழுவும் கிளிப், மாரி பிஸ்கட். ஒவ்வொன்றும் பெருவிரலிடம் ஒவ்வொரு கேள்வி கேட்கிறது. கோப்பையைச் சுற்றிப் பிடிக்க முன் விரிப்பு வேண்டும். சாவியைத் திருப்ப, பெருவிரலின் வயிற்றுப் பக்கம் சுட்டுவிரலின் பக்கத்தில் அழுந்த வேண்டும். குற்றியை மேசையிலிருந்து எடுக்க நுனியோடு நுனி சேர வேண்டும். கிளிப் பலத்தைச் சோதிக்கிறது. போத்தல் மூடியில் இரண்டு கைகளும் சேர்ந்து வேலை செய்கின்றனவா என்பது தெரியும். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளையிடம் குற்றியோ கடலையோ கொடுத்தால் கண்ணை எடுக்காதீர்கள், வாய்க்குள் போய்விடும்.

பிள்ளைக்குப் பெருவிரல் தேவைப்படும் ஒவ்வொரு தருணத்திலும் நான்கில் ஒன்றைக் குறித்துக்கொள்வேன்: பெருவிரலை நேராகப் பாவித்தது; பாவிக்க முயன்று வழுக்கவிட்டது; சுட்டுவிரல், நடுவிரல் இடுக்கில் எடுத்தது; மற்றக் கைக்கு மாற்றியது. மூன்றாவது வகை அடிக்கடி வந்தால் கவனம். பிள்ளையின் மூளை அந்தப் பெருவிரலை நம்பவில்லை என்று பொருள். நம்பாததற்குக் காரணம் பெரும்பாலும் அடிமூட்டில் இருக்கும்.

இந்த இடத்தில் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சின்ன வயதில் எக்ஸ்ரே இதைச் சொல்லாது. அடிமூட்டின் ஒரு பாதியாகிய ட்ரபீசியம் எலும்பு நான்கு முதல் ஆறு வயதளவில்தான் எக்ஸ்ரேயில் தெரியத் தொடங்கும். அதற்கு முன் மூட்டின் அந்தப் பக்கம் படத்தில் வெறுமையாகவே இருக்கும். ஆகவே இரண்டு வயதில் அடிமூட்டைப் பற்றிய பெரிய சாட்சி பிள்ளை தன் கையைப் பாவிக்கும் விதம்தான்.

கடைசியில் சோறு. முடியுமானால் தாயிடம் முதலே சொல்லி, வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். புட்டு உதிரும், இடியப்பம் இழுபடும், குழைத்த சோறு சேர்ந்து நிற்கும். மூன்றும் மூன்று விதமாகப் பெருவிரலைச் சோதிக்கும். கொண்டுவர முடியாதவர்கள் வீட்டிலேயே போனில் இரண்டு நிமிட வீடியோ எடுக்கட்டும்: போன் மேசை மட்டத்தில், மணிக்கட்டும் விரல்நுனியும் தெரிய. கிளினிக்கில் ஒன்றும் செய்யாத பிள்ளை வீட்டு வீடியோவில் எல்லாம் செய்வதைப் பலதடவை கண்டிருக்கிறேன்.

படி 4: தோலையும் வடிவத்தையும் வாசியுங்கள்

இப்போதும் அசைக்க வேண்டாம், கையைத் தாங்கிப் பாருங்கள். ஐபி மூட்டின் மேலும் கீழும் தோல் வரிகள் இருக்கின்றனவா? மடிப்பு வரி கருவில் அசைந்ததன் தடயம். வரியே இல்லாமல் வழுவழுப்பாக இருந்தால், அந்த மூட்டை மடக்கும் தசைநார் இல்லாமலோ தவறான இடத்தில் பதிந்தோ இருக்கலாம். பெருவிரலின் அடிமேடு, உள்ளங்கையில் சதைப்பிடிப்பாக எழும்பியிருக்கும் அந்தப் பகுதி, தட்டையா? பெருவிரலைச் சுட்டுவிரலோடு சேர்த்து வைத்தால் நுனி எதுவரை வருகிறது? இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைத்தோல் இறுக்கமா?

மற்றக் கையையும் அதே அக்கறையோடு பாருங்கள். "நல்ல கை" என்று குடும்பம் சொல்லும் கையிலும் மெலிதான குறை இருக்கலாம். பெருவிரல் பக்கக் குறைபாடு இரண்டு கைகளிலும் வெவ்வேறு அளவில் வருவது சாதாரணம். நல்ல கையோடு ஒப்பிட்டு எழுதும்போது அந்தக் கை உண்மையிலேயே நல்லதா என்று முதலில் உறுதிசெய்யுங்கள்.

இரட்டைப் பெருவிரலோடு வரும் பிள்ளையில், இரண்டையும் தனித்தனியாகப் பிடித்து, எது தானாக மடங்கி நிமிர்கிறது, எது உறுதியாக நிற்கிறது என்று பாருங்கள். பெரிதாகத் தெரிவதே நன்றாக வேலை செய்வது என்று இல்லை. ஆறு விரல் அதிர்ஷ்டம் என்று சிகிச்சையைத் தள்ளிப்போடும் வீடுகள் உண்டு. சண்டை பிடிக்காமல், இந்த மதிப்பீட்டை அவர்கள் கண்முன்னே செய்துகாட்டினால் போதும்.

படி 5: பிள்ளை தானாக அசைக்கும் அளவு

ஒவ்வொரு மூட்டாக. அடிமூட்டையும் எம்சிபியையும் தாங்கிப் பிடித்து ஐபியை மட்டும் மடக்கச் சொல்லுங்கள். "நகம் குனிஞ்சு வணக்கம் சொல்லட்டும்" என்றால் மூன்று வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். "அம்மாவுக்கு சூப்பர் காட்டுங்க" என்றால் நிமிர்த்தலும் பக்க விரிப்பும் வரும். பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் சிங்களம் கதைக்கும் பிள்ளைக்குச் சிங்களத்தில் சொல்லுங்கள்.

மடக்க முயலும்போது நுனி மடங்காமல் பெருவிரல் முழுவதும் வெளிப்பக்கம் விலகினால் நின்று கவனியுங்கள். மடக்கும் தசைநாருக்கும் நிமிர்த்தும் தசைநாருக்கும் இடையே பிறவி இணைப்பு இருக்கலாம். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இழுபடுவதால் வலிமை வீணாகிறது. சத்திரசிகிச்சை நிபுணருக்கு இது மிகவும் பயனுள்ள தகவல்.

சொன்னதைச் செய்யும் வயது வராத குழந்தைக்கு ஒரு வழி: மணிக்கட்டை மெதுவாகப் பின்னே சாய்த்தால் பெருவிரல் தானாக மடங்க வேண்டும், முன்னே சாய்த்தால் தளர்ந்து திறக்க வேண்டும். அப்படி ஒன்றும் நடக்காவிட்டால் தசைநார்களைச் சந்தேகியுங்கள். முன்னங்கையில் பெருவிரல் பக்கமாக இருக்கும் ரேடியஸ் எலும்பு குறைந்து மணிக்கட்டு வளைந்த பிள்ளையில் மணிக்கட்டு எந்த நிலையில் இருந்தபோது அளந்தீர்கள் என்பதையும் எழுதாவிட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

படி 6: இனி உங்கள் கை

எம்சிபி மூட்டின் உட்பக்க (சுட்டுவிரலை நோக்கிய பக்க) இணைப்பிழை, அதாவது எலும்பை எலும்போடு பிணைக்கும் லிகமென்ட், உறுதியாக இருக்கிறதா என்று பார்க்க, பெருவிரலின் உள்ளங்கை எலும்பை ஒரு கையால் அசையாமல் பிடித்து, மறு கையால் அடுத்த கணுவை (கணு என்பது இங்கே மூட்டல்ல, விரல் எலும்பு) மெதுவாக வெளிப்பக்கம் சாய்க்க வேண்டும். ஒருதடவை நிமிர்த்தி, ஒருதடவை 30 பாகை மடக்கி. மூட்டு கதவுபோல் திறந்தால் கிள்ளிப் பிடிக்கும்போது பெருவிரல் சரிந்துவிடும். அடிமூட்டுக்கு, உள்ளங்கை எலும்பின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். பெற்றோர் இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். தளர்ந்த மூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பதால் நன்மை ஏதுமில்லை.

இந்த இரண்டு சோதனைகளும் படி 3இல் கண்டதும் சேர்ந்துதான், குறைந்து பிறந்த பெருவிரலைத் தரம் பிரிக்கும் பிளௌத் வகைப்பாட்டுக்கு வழிகாட்டுகின்றன. 1967இல் வந்த அந்த வகைப்பாட்டில் ஐந்து வகை. ஒன்றாவதில் பெருவிரல் சற்றுச் சிறியது, அவ்வளவே. இரண்டாவதில் அடிமேட்டுத் தசை குறைவு, இடைத்தோல் இறுக்கம், எம்சிபி தளர்ச்சி. மூன்றாவதில் முன்னங்கையிலிருந்து வரும் தசைநார்களிலும் எலும்பிலும் குறை. நான்காவதில் எலும்புப் பிடிப்பின்றித் தோலில் தொங்கும் பெருவிரல். ஐந்தாவதில் பெருவிரலே இல்லை. மூன்றாவதைப் பின்னர் கைச் சத்திரசிகிச்சை நிபுணர் மான்ஸ்கே ஏ, பி என்று பிரித்தார்: அடிமூட்டு உறுதியானது ஏ, உறுதியற்றது பி. பெரும் பிரிகோடு இங்கேதான் விழுகிறது. ஏ வரை இருக்கும் பெருவிரலைச் சீரமைக்கலாம். பி முதல், சுட்டுவிரலையே இடம்மாற்றிப் பெருவிரலாக்கும் பொலிசைசேஷன் சத்திரசிகிச்சை பொதுவாகப் பேசப்படும். தொங்கினாலும் தன் விரல் என்று தாய் அழுவார். அந்தப் பேச்சுக்கு நேரம் ஒதுக்குங்கள்.

படி 7: எண்கள்

நான்கைந்து வயதுக்கு முன், மூட்டின் கோணத்தை அளக்கும் கருவியாகிய கோனியோமீட்டரால் எடுக்கும் பாகைக் கணக்கை நான் அதிகம் நம்புவதில்லை. சின்னக் கை, சின்ன எலும்பு, பொறுமையில்லாத பிள்ளை. அதற்குப் பதில் வெவ்வேறு பருமனுள்ள உருளைகளைக் கொடுத்து, பெருவிரல் சுற்றி வந்து பிடிக்கும் மிகப் பெரிய உருளையின் விட்டத்தைச் சென்டிமீட்டரில் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அதே உருளைகள்.

பெரிய பிள்ளைக்கு விரல் கோனியோமீட்டர் போதும். முன் விரிப்பை அளக்க, கருவியின் ஒரு கரத்தைப் பெருவிரலின் உள்ளங்கை எலும்பின் மேலும் மற்றதைச் சுட்டுவிரலின் உள்ளங்கை எலும்பின் மேலும் வையுங்கள். விரல் கணுவின் மேல் வைத்தால் எம்சிபியின் தளர்ச்சி உங்களை ஏமாற்றி, இல்லாத விரிப்பைக் காட்டும். வளர்ந்தவர்களில் எம்சிபி 50 பாகையளவும் ஐபி 80 பாகையளவும் மடங்கும். பிள்ளையை இந்த எண்களோடு அல்ல, அதன் போன தடவை எண்ணோடு ஒப்பிடுங்கள்.

ஒப்பொசிஷனுக்குக் கபான்ஜி எண். பிரெஞ்சு சத்திரசிகிச்சை நிபுணர் கபான்ஜி 1986இல் வெளியிட்டது, கருவியே தேவையில்லை. பெருவிரல் நுனி எங்கே போய்த் தொடுகிறது என்பதுதான் எண். சுட்டுவிரலின் அடிக்கணுப் பக்கம் 1, அதன் நடுக்கணுப் பக்கம் 2, சுட்டுவிரல் நுனி 3, நடுவிரல் 4, மோதிரவிரல் 5, சின்னவிரல் நுனி 6. அங்கிருந்து சின்னவிரலின் வரிகளில் படிப்படியாக இறங்கி 7, 8, 9; உள்ளங்கையின் மேல் மடிப்புவரி 10. கையில் பருப்புக் கடைந்து ஒவ்வொரு விரலுக்கும் சோறூட்டும் விளையாட்டு நம் பிள்ளைகளுக்குத் தெரியும். "பெருவிரல் அம்மா எல்லாப் பிள்ளைக்கும் சோறு குடுக்கட்டும்" என்று சொன்னால் 3 முதல் 6 வரை சிரித்துக்கொண்டே செய்துமுடிக்கும்.

இதில் மூன்று பொறிகள். ஒன்று, பெருவிரல் போகாமல் சின்னவிரல் எழுந்து வந்து தொட்டுவிடும். மற்ற விரல்கள் எவ்வளவு வளைந்தன என்பதைக் கவனியுங்கள். இரண்டு, உள்ளங்கையை ஒட்டித் தட்டையாக நழுவிப் போய்த் தொடுவது ஒப்பொசிஷன் அல்ல. பெருவிரல் வளைவாக எழுந்து போக வேண்டும், தொடும்போது நகம் உங்களைப் பார்க்கத் திரும்பியிருக்க வேண்டும். மூன்று, மற்ற விரல்களும் குறைந்த அல்லது இணைந்த கையில் இந்த எண் பொருந்தாது. அங்கே எண்ணைத் திணிக்காமல் தொட்ட இடத்தை அப்படியே வார்த்தையில் எழுதுங்கள்.

கிள்ளும் பலத்தை அளக்கும் கருவி ஐந்து வயதளவிலிருந்து பயன்படும். அதற்கு முன், ஒரு துண்டுக் கடதாசியைப் பிள்ளை பிடித்திருக்க நீங்கள் இழுத்துப் பாருங்கள்.

படி 8: கைக்கு வெளியேயும் பாருங்கள்

பெருவிரல் குறைந்து பிறந்த பிள்ளைக்கு இருதயம், சிறுநீரகம், முதுகெலும்பு, இரத்தம் ஆகியவை பார்க்கப்பட்டனவா என்று கேளுங்கள். ஹோல்ட்-ஓரம் நோய்க்கூட்டில் இருதயக் குறை சேர்ந்து வரும். எலும்பு மச்சை நாளடைவில் போதிய இரத்தம் உருவாக்காமல் போகும் பான்கோனி இரத்தச்சோகையில் ஆரம்ப வருடங்களில் இரத்தப் பரிசோதனை சாதாரணமாகவே வரலாம், ஆகவே நிறமூர்த்தம் உடையும் தன்மையைப் பார்க்கும் தனிப் பரிசோதனை தேவை. அது பெரும்பாலும் பெற்றோர் இருவரிடமிருந்தும் வரும் பரம்பரை நோய். மச்சான் மச்சாள் கலியாணம் வழக்கமாயுள்ள நம் சமூகத்தில் இந்தக் கேள்வியை வெட்கப்பட்டு விடக்கூடாது. குற்றம் சாட்டும் குரலிலும் கேட்கக்கூடாது. பிள்ளையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தில் இவை பற்றி ஒன்றும் இல்லாவிட்டால், பிள்ளைநல வைத்தியருக்கு அன்றே கடிதம் எழுதுங்கள். பொரளையில் 1895இலிருந்து இயங்கும் சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை நகரத்துக்குள்ளேயே இருப்பது கொழும்புப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி.

படி 9: அடுத்தவர் வாசிக்கும்படி எழுதுங்கள்

பெற்றோரின் எழுத்துச் சம்மதத்தோடு, முகம் தெரியாமல், ஒவ்வொரு தடவையும் ஒரே கோணத்தில் வீடியோ எடுங்கள். குறிப்பு ஒரு பக்கத்துக்குள் நிற்கட்டும். நான் எழுதும் விதத்துக்கு ஒரு மாதிரி, எந்தத் தனிப் பிள்ளையினதும் அல்ல:

"வயது 2 வருடம் 4 மாதம். வலது பெருவிரல் சிறியது, அடிமேடு தட்டை, ஐபி வரி மங்கல். தாயின் மடியில், மணிக்கட்டு நேர்நிலையில் பார்க்கப்பட்டது. 12 சந்தர்ப்பங்களில் பெருவிரலைப் பாவித்தது 2, வழுக்கியது 1, விரலிடுக்கில் எடுத்தது 7, இடது கைக்கு மாற்றியது 2. ஐபி தானாக மடங்கவில்லை. எம்சிபி உட்பக்கம் தளர்ச்சி. அடிமூட்டு உறுதியற்றதாகத் தோன்றுகிறது. சுற்றிப் பிடித்த உருளை 2.5 செ.மீ. சோறு: அள்ளுகிறது, தள்ள முடியவில்லை. இடது கை: குறை காணவில்லை. இருதயப் பரிசோதனை முடிந்தது. நிறமூர்த்தப் பரிசோதனை செய்யப்படவில்லை, கேட்டு எழுதப்பட்டது. தாயின் முதல் கேள்வி: நேசரிக்குப் போகமுன் தானாகச் சாப்பிடுமா? மறு மதிப்பீடு 3 மாதத்தில், அதே பெட்டி, அதே மேசை."